காற்றுக்குக் காத்திருந்த ராஜா

திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவனுக்குக் கைதட்டல் கிடையாது. நடிகர் மறந்தால் வசவு மட்டும் உண்டு. இந்த வேலையில் அடிபட்டவர்களுக்கு என் கதை புரியும். எனக்கோ பக்கத்து ஆளுக்கே கேட்காத குரல்.

சுதந்திரம் வந்த கொஞ்ச காலத்தில், புதுச்சேரியில் படித்த எங்கள் நாடகக்குழு வாத்தியார் ஒரு பிரெஞ்சு நாடகத்தைத் தமிழில் எழுதினார். கிரேக்கக் கதை. காற்றில்லாமல் போர்க்கப்பல்கள் கரையில் நிற்கின்றன. ராஜா மகளைப் பலிகொடுத்தால் காற்று வரும் என்கிறது குறி. கடைசிக் காட்சியில் வேறொருத்தி உயிரை விட, மகள் பிழைக்கிறாள், காற்றும் வருகிறது. அந்தக் காட்சியை ஒரு ஊரிலாவது முழுசாக நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்று வாத்தியார் தவித்தார்.

முதுகுளத்தூர் கிடாய்

மகளைப் பலிகொடுக்க ராஜா சம்மதித்ததும் ஒரு பெரியவர் எழுந்து போனார். நாடகம் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் ஒரு கிடாயோடு மேடையேறி, கயிற்றை ராஜாவின் கையில் திணித்தார். கிடாய் ராஜாவின் சரிகை அங்கியை மென்றது. சபை எழுந்து கைதட்டியது. அதற்கப்புறம் ஏது கடைசிக் காட்சி? கெஞ்சிய வாத்தியாரிடம் பெரியவர் சொன்னார்: "கிடாய் இருக்கையில பிள்ளைய வெட்டுவாகளா? அதுவும் காத்துக்கா! மழையக் கேக்கச் சொல்லுங்கய்யா."

தேவிபட்டினத்துக் கேள்வி

ராஜாவுக்கு வசனம் மறந்துபோனது. நான் எடுத்துக்கொடுத்தது திரையைத் தாண்டவில்லை. அந்த நேரம் பார்த்து, கொழும்புவரை தோணி ஓட்டிய மரைக்காயர் ஒருவர் முன்வரிசையிலிருந்து கேட்டார்: "ஏன் தம்பி, இம்புட்டுக் கப்பல் இருக்கு, துடுப்பு இல்லையா?"

பேச ஏதாவது கிடைத்தால் போதுமென்றிருந்த ராஜா, "இருக்குங்க" என்று சொல்லித் தொலைத்தார்.

"அப்ப அல்லாமேல பாரத்தப் போட்டு வலிங்க. பொம்பளப் பிள்ளைய ஏன் அழவைக்கிறீக?"

சிரிப்பு அடங்கவே இல்லை. திரையை இழுத்துவிட்டோம்.

திருப்பாலைக்குடிப் பாய்

இங்கே பின்திரைக்கு ஒரு மீனவர் தன் வள்ளத்துப் பாய்மரப் பாயையே இரவல் தந்தார். சில நாளாக அங்கே நிஜமாகவே காற்று இல்லை. ராஜாவின் கஷ்டம் ஊருக்கே புரிந்தது; மூச்சுக்காட்டாமல் பார்த்தார்கள். பொழுது சாயும் நேரம், கடைசிக் காட்சி தொடங்கிவிட்டது. வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் பலிமேடை ஏறினாள். பின்திரை மெல்ல உப்பியது.

"ஆகா!" என்றார் வாத்தியார். பாய்க்காரரும் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று மேடையேறி முடிச்சுகளை அவிழ்த்தார். பின்னால் பீடி குடித்துக்கொண்டிருந்த தளபதி வெட்டவெளிச்சமானார்; அவரைப் பார்க்கத்தான் சபை இல்லை, வள்ளம் தள்ளப் போயிருந்தது. "கொஞ்சம் வசனந்தான் பாக்கி" என்று கும்பிட்ட வாத்தியாரிடம் பாய்க்காரர் சொன்னார்: "காத்துக்குத்தான இம்புட்டு நேரம் அழுதீக? வந்துருச்சு. வழிய விடுங்க வாத்தியாரே."

நாடகத்தில் சொன்னபடி காற்று வந்தது. ராஜகுமாரி பிழைத்த சங்கதிதான் இன்றுவரை ஒரு ஊருக்கும் தெரியாது.