கார்டில் மாதாமாதம் பிடித்த 399

என் மனைவி செல்வி எட்டாவது வரை படித்தவள். நான் மூன்றாவதிலேயே திரும்பி வந்தவன். அதனால் எங்கள் வீட்டில் கார்டு என்னிடம் இருக்கும், ஸ்டேட்மெண்ட் அவளிடம் இருக்கும்.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் நான் சிக்னல்மேன். மேலே கேபினில் கிரேன் டிரைவர். கீழே சரக்கைத் தூக்கும் சிலிங் கயிற்றை மாட்ட தாஸ். நடுவில் வாக்கி டாக்கியோடு நான். ‘ஆரியா’ என்றால் இறக்கு என்று அர்த்தம். பத்து டன்னை வாயாலேயே இறக்குகிறவன் என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வேன்.

செல்போனும் கார்டும் கைக்குப் புதிதாக வந்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி ஸ்டேட்மெண்டைத் தரையில் விரித்தாள்.

"யோவ், நாலு மாசமா முந்நூத்தித் தொண்ணூத்தொம்போது போய்க்கினே கீது. எவளுக்குய்யா?"

"எனுக்கு இன்னா தெரியும்?"

"ஹெல்த் பிளானுன்னு போட்டுகீது. உன் தொப்பைக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்! உண்மைய சொல்லு. இல்லாங்காட்டி கார்டு என் கைல. பீடிக்குக்கூட நீ என்னாண்ட வந்து நிக்கணும்."

எங்கள் கேங்கில் கார்டு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அது போனால் யார்டில் தலை காட்ட முடியாது. மறுநாள் லீவு போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன்.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "நீங்களே போன்ல சம்மதிச்சுதான் மெம்பர் ஆகியிருக்கீங்க. மாசாமாசம் தானா பிடிக்கும்."

"நான் எதுலயும் மெம்பர் இல்ல சார். ரேஷன் கார்டுலயே என் பேரு தப்பா கீது."

"ரெக்கார்டிங் இருக்கும்."

"போடு சார்! நான் ஒத்துக்கினு இருந்தா என் மீசைய எட்துடறேன்."

"கத்திரி நான் எட்தாறேன்" என்றாள் செல்வி.

மேனேஜர் ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர்கள் ரெக்கார்டிங்கைப் போட்டதும் ஒரு பெண் குரல் தேனாக வந்தது. "மாசம் முந்நூத்தித் தொண்ணூத்தொன்பது ரூபாய்தான் சார். சம்மதமா?"

அடுத்து வந்தது சத்தியமாக என் குரல். "ஓகே, ஓகே."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மீசை தானாகவே உதிர்ந்திருக்கும்.

"உங்க கார்டுலேர்ந்தே எடுத்துக்கலாமா சார்?"

"ஓகே... லெஃப்ட்ல வா நைனா... அப்டித்தான்... ஆரியா, ஆரியா... ஓகே, இறக்கு!"

"தேங்க்யூ சார். ஆக்டிவேட் பண்ணிட்டேன்."

மேனேஜர் குழம்பிப்போனார். "நீங்க யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"கிரேன் டிரைவராண்ட சார்!" அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாயை வாக்கி டாக்கியில் வைத்திருந்தேன். புது போனில் வந்த அழைப்பை வைக்க மனசு வராத கெத்து.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஹெட் ஆபீசிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிளானை நிறுத்துவதாகவும், நாலு மாதப் பணத்தைத் திருப்பிப் போடுவதாகவும் சொன்னார்கள். அதற்கு ஒரு லெட்டரை மேனேஜரே எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. "சார், கடசீல ஒரு கொரல் கேட்டுச்சே. இன்னொருவாட்டி போடச் சொல்லுங்க."

மறுபடியும் போட்டார்கள். ‘இறக்கு’ என்று நான் சொன்ன அந்த நொடியில், தூரத்தில் தாஸ் கத்துகிறான். "அண்ணே, கை! கை! நிறுத்துண்ணே!"

அன்றைக்கு, இறங்குகிற கண்டெய்னர் பெட்டிக்கு அடியில் வைக்கும் கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த தாசின் ஆள்காட்டி விரலில் நகம் போனது. ‘கண்ண எங்கடா வெச்சிருந்த’ என்று எல்லோர் எதிரிலும் அவனைத் திட்டியவன் நான்தான்.

கார்டைச் செல்வி கேட்கவில்லை. வெளியே வந்து நான் அதைச் சொன்னதும், "மொதல்ல அந்தாளாண்ட போய் பேசு" என்றாள்.

மறுநாள் தாசிடம் போய் நின்றேன். "அன்னிக்குத் தப்பு உன்துல்லடா. என்துதான்."

"தெரியும்ணே. நீ போன்ல பேசிக்கினு இருந்தத நான் பாத்தேன்."

"அப்ப நான் திட்டசொல்லோ ஏன்டா வாயத் தொறக்கல?"

"நீ சீனியரு. உன்னாண்ட இன்னாத்த சொல்றது?"

யார்டுக்குப் புதிதாக வருகிறவர்களே, ஸ்டேட்மெண்டை மாதாமாதம் வரிவரியாகப் பாருங்கள். தெரியாத பேரில் பணம் பிடித்திருந்தால் நேரே போய்க் கேளுங்கள், ரெக்கார்டிங்கைப் போடச் சொல்லுங்கள். எனக்குப் பணம் முழுசாகத் திரும்பி வந்தது. தாசுக்கு நகம் கோணலாகத்தான் முளைத்தது. சிக்னல் கொடுக்கிறவன் காதில் போன் இருந்தால், அவன் எவ்வளவு பெரிய சீனியராக இருந்தாலும் சரி, கட்டையில் கை வைக்காதீர்கள்.