தோல் ஷெட் நாற்றம் தவிரக் குறையொன்றும் இல்லை

ஒரு மனிதர் படுக்கையிலேயே அழுகிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், குறையொன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குள்ளேயே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தும் இருக்கிறேன். வேலைப் பளு என்றேன், கவனக்குறைவு என்றேன், அன்றைக்கு ஜலதோஷம் என்றுகூட ஒரு தடவை நினைத்துக்கொண்டேன்... எதுவும் நிற்கவில்லை. ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் உடம்பைக் களைக்கவைக்கிற வேலைதான். அதனால் உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதுவும் ஒரு சௌகரியமாக இருக்கிறது.

நான் தாலுகா போர்டில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன். சந்தை, சாக்கடை, கசாப்புக் கடை, ஊர்ப் பொதுக் கிணறு எல்லாம் என் பார்வையில் இருந்தன. அவற்றோடு ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றுக்குப் போகும் பாதையில், ஒரு வீடும் இருந்தது.

காலமெல்லாம் தோல் பதனிடும் ஷெட்டுகளில் உழைத்துவிட்டு, கடைசியில் கஞ்சி ஊற்ற ஆளில்லாமல் போனவர்களுக்காக ஒரு சாயபு கட்டிவைத்த வீடு அது. ஒரே கூடம், ஒன்பது கட்டில்கள். ஆணா பெண்ணா, இன்ன ஜாதி, இன்ன மதம் என்று அங்கே பார்ப்பதில்லை. சமையலுக்கு ஒரு ஆள். மற்ற எல்லாவற்றுக்கும் மும்தாஜ்பீ என்ற விதவை அம்மாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி துவைப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் ஒருவர்தான்.

அந்த வீட்டுக்குப் போர்டு லைசென்ஸ் கொடுத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் நேரில் போய்ப் பார்த்து, அங்கே வைத்திருக்கும் தணிக்கைப் புத்தகத்தில் எழுதவேண்டும். கிணறு, சமையல், கக்கூஸ், படுக்கை, நோயாளிகள் என்று பார்க்கவேண்டியவற்றுக்கு ஒரு பட்டியலே உண்டு. யாருக்காவது உடம்பு மோசம் என்று நான் எழுதினால், மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து டிரஸ்ஸர் வந்து கட்டுப் போட்டாகவேண்டும். பராமரிப்புச் சரியில்லை என்று எழுதினால் லைசென்ஸுக்கே ஆபத்து. சட்டம் நல்ல சட்டந்தான். அதைக் கையில் வைத்திருந்தவன் நான்!

நான் தணிக்கை செய்த லட்சணத்தைக் கேளுங்கள். முந்தின நாளே சீட்டு அனுப்பிவிடுவேன், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று. மறுநாள் போனால் வாசலிலேயே பினாயில் மணக்கும். ஒன்பது கட்டிலிலும் வெளுத்த போர்வைகள் கழுத்துவரை இழுத்து விட்டிருக்கும். போர்வை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பேன். போர்வைக்கு அடியில் இருக்கிற ஆளைப் பார்த்ததில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும்.

என் அப்பா பெயர் காத்தவராயன். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி ஆள். மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தத் தொட்டிக்குள் இறங்கி நின்று தோலைப் புரட்டிப் போடுவது அவர் வேலை. கால் விரல்களுக்கு நடுவே சதை எப்போதும் வெந்திருக்கும். அந்தக் காலில் நின்று சம்பாதித்துத்தான் என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தார்.

உத்தியோகத்தில் சேர்ந்த அன்று, தகப்பனார் தொழில் என்ற இடத்தில் நான் ‘பயிர்த்தொழில்’ என்று எழுதினேன். ஊர் எது என்று கேட்டால் அணைக்கட்டுப் பக்கம் என்பேன். ஏன்? தோல் ஷெட் ஆளின் பிள்ளை என்று தெரிந்தால் ஆபீஸில் எனக்குத் தண்ணீர்ப் பானை தனியாக வந்துவிடும். வேறொரு குமாஸ்தாவுக்கு அப்படி வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் தினமும் அந்தப் பானையில் மொண்டு குடிப்பதை எல்லாரும் பார்க்காததுபோல் பார்ப்பார்கள். அப்பா செத்தபோதுகூட, ‘ஊரில் ஒரு காரியம்’ என்று மட்டுமே எழுதி லீவு வாங்கினேன்.

ஆனால் மூக்கை எப்படி மறைப்பது? தோல் ஷெட் பக்கம் வளர்ந்தவனுடைய மூக்கு பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே படித்துவிடுகிறது. உப்புப் போட்ட பச்சைத் தோல் ஒரு வாடை. சுண்ணாம்புத் தொட்டி வேறு வாடை, கண்ணைக் கரிக்கும். ஆவாரம்பட்டைத் தொட்டி துவர்ப்பாக அடிக்கும். வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே நாற்றந்தான். எங்களுக்கு அப்படியில்லை. கெட்டுப்போன தோல் மட்டும் லேசாக இனிப்பாக அடிக்கும்... அந்த இனிப்பு வந்துவிட்டால் அப்பாவின் முகம் மாறிவிடும். உடனே அந்தத் தோலைத் தேடி எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆடி மாதம். நானும் பியூனும் ஜட்காவில் போய் இறங்கினோம். மேற்கே ஏலகிரிப் பக்கமிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக்குக் கிழக்கே, பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தோல் ஷெட் உண்டு. ஷெட்டின் நாற்றத்தைக் காற்று அப்பால் தள்ளிக்கொண்டு போயிற்று. அன்றைக்கு அந்த நாற்றம் வீட்டுக்குள் வர வழியே இல்லை. இதை நன்றாகக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

வாசலைத் தாண்டினேன். பினாயிலையும் மீறிக்கொண்டு அந்த இனிப்பு வந்தது!

மும்தாஜ்பீ என் முகத்தைப் பார்த்தார். “எதிர்ல ஷெட்டு சார்... இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா அடிக்குது” என்றார். சொல்லிவிட்டு நகராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலை ஒட்டிய முதல் கட்டிலில் ஏழுமலை என்ற கிழவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். போன தடவை அவர் கூடத்தின் கோடியில் கிடந்தது ஞாபகம் வந்தது. அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“நீ காத்தவராயன் புள்ளதானே? நெத்தியும் மூக்கும் அப்படியே கீது. பேரணாம்பட்டு ஷெட்டுல நானும் உங்கப்பனும் ஒரே தொட்டி. உன்ன தோள்மேல தூக்கினு வருவான்.”

எனக்குப் பின்னால் பியூன் நின்றுகொண்டிருந்தான். மதியம் அவன் காதில் விழுந்தது சாயங்காலம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிடும்.

“இல்லை” என்றேன். “எங்கப்பா பயிர்த்தொழில். அணைக்கட்டுப் பக்கம்.”

கிழவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் பொய் சொல்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

“சரி சார், யாரா இருந்தா இன்னா” என்றார். “இந்தத் துணிய எடுத்துட்டு முதுவப் பாரு. தோலு கெட்டுப்போச்சு. இனிப்பா அடிக்குது. உனக்கு வர்ல?”

பியூன் சிரித்துவிட்டான். “தோலாம் சார்! தாத்தா இன்னும் ஷெட்டுலயே இருக்கற நெனப்புல கீறாரு.”

எனக்கு வந்தது. ஐயா, எனக்கு நன்றாகவே வந்தது... என் கை போர்வையின் ஓரம்வரை போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. அந்த இனிப்பு எனக்குத் தெரிகிறது என்று காட்டிவிட்டால், எங்கே பழகியது என்று கேட்பார்களே என்று நினைத்தேன். எவ்வளவு மடத்தனமான பயம்! சீழ்ப் புண்ணைக் கண்டுபிடிக்க ஒருவன் தோல் ஷெட்டில் பிறந்திருக்கவா வேண்டும்? போர்வையை இழுத்திருந்தால் பியூனுக்கே தெரிந்திருக்கும். இது இப்போது புரிகிறது. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் கிழவரிடமிருந்து நாலடி தள்ளி நிற்கவேண்டும்.

“எதிர்ல ஷெட்டு இருக்குதில்ல பெரியவரே, அந்த நாத்தம்தான்” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கிணற்றைப் பார்த்தேன். சமையல் கட்டைப் பார்த்தேன். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு மும்தாஜ்பீ நீட்டிய புத்தகத்தில், ‘தோல் ஷெட் நாற்றம் தவிரக் குறையொன்றும் இல்லை’ என்று எழுதினேன். அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஜட்காவுக்குப் போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது வாசல் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

நான் கேட்கவில்லை. மும்தாஜ்பீயே சொன்னார். “நீங்க வந்துட்டுப் போனப்புறம் இருபது நாள் இருந்தாரு சார். முதுவுல புண்ணு, எலும்பு தெரிஞ்சிது. நானும் சமையக்காரரும் வேப்பெலத் தண்ணி வெச்சுக் கழுவிக் கழுவிப் பாத்தோம்...”

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அதுக்குத்தான் சார் அவர வாசல் கட்டிலுக்கு மாத்தினேன். நானா வந்து சொன்னா, இத்தினி நாள் இன்னா பண்ணினேன்னு கேப்பாங்க. லைசென்ஸ் போய்டும். மீதி எட்டுப் பேரு ரோட்ல நிப்பாங்க. நீங்களா பாத்துட்டா டிரஸ்ஸர் வந்துடுவாருன்னு நெனச்சேன். எங்க பேஜாரு, உங்களுக்குத் தெரியாம போய்டுச்சு. எதிர்ல ஷெட்டு இருந்தா யாருக்குத்தான் தெரியும்?”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பாருங்கள், எனக்குச் சமாதானம் சொன்னார்! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஆமாம்மா” என்றேன்.

அவரும் மறைத்தார்தானே என்று என் மனம் உடனே தாவியது. தாவத்தான் செய்தது. ஆனால் அவர் எட்டுப் பேருக்காக மறைத்தார். நான் ஒரு தண்ணீர்ப் பானைக்காக மறைத்தேன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னாலேயே முடியவில்லை. டிரஸ்ஸர் வந்திருந்தால் ஏழுமலை பிழைத்திருப்பாரா? தெரியாது. வேதனையாவது குறைந்திருக்கும். அந்த இருபது நாளும் அவர் எப்படிப் படுத்திருந்தார் என்று நினைக்காமலிருக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றும் அதே வாக்கியத்தையே எழுதினேன். போன தடவை இருந்த நாற்றம் இந்தத் தடவை ஏன் இல்லை என்று யாராவது கேட்டுவிட்டால்? அடுத்த தடவையும் எழுதினேன். அந்த வேலையில் இருந்தவரைக்கும் எழுதினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

உத்தியோகத்திலிருந்து விடுபட்டுச் சில வருஷங்கள் ஆனபின், ஆம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கால்கள் என்னைக் கேட்காமல் ஆற்றுப் பாதைக்குப் போய்விட்டன. எதிர் ஷெட்டின் கதவில் துருப்பிடித்த பூட்டுத் தொங்கிற்று. சுண்ணாம்புத் தொட்டிகள் வறண்டு எருக்கஞ்செடி முளைத்திருந்தது. மும்தாஜ்பீ இறந்துபோயிருந்தார். புதிதாக ஒரு மேனேஜர், வாட்டசாட்டமான ஆள், என்னை யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து நாற்காலி போட்டார்.

மேஜைமேல் தணிக்கைப் புத்தகம் கிடந்தது. புரட்டினேன். எனக்குப் பின் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் வந்துபோயிருந்தார்கள். கையெழுத்து மாறியிருந்தது. வாக்கியம் மாறவில்லை. போன மாதத் தேதியிலும் அதே வாக்கியம்! தோல் ஷெட் நாற்றம் தவிரக் குறையொன்றும் இல்லை...

“எதிர் ஷெட்டு மூடி எத்தனை நாளாச்சு?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷம் ஆவுது சார். வியாபாரம் படுத்துடுச்சு.”

எழுந்து கூடத்துக்குள் போனேன். ஒவ்வொரு கட்டிலாக நின்று போர்வையை விலக்கி, கைகொடுத்துப் புரட்டி, முதுகைப் பார்த்தேன். மேனேஜர் பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பல்லில்லாத ஒரு ஆயா, “இன்னாயா, பொண்ணு பாக்க வந்தியா? இந்தக் கட்டில்ல எல்லாம் கெய்வீங்கதான்” என்றாள். கூடமே சிரித்தது. ஒன்பது முதுகிலும் புண் இல்லை. எனக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும் அல்லவா? வரவில்லை. இத்தனை சுலபமான காரியமா அது என்றுதான் தோன்றியது. ஒரு போர்வையை விலக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்!

புறப்படும்போது மேனேஜர் வேறொரு புத்தகத்தை நீட்டினார். வந்துபோகிறவர்கள் எழுதும் புத்தகம். “ரெண்டு வார்த்த எழுதிட்டுப் போங்க சார்.” பெயர், தகப்பனார் பெயர், ஊர், அபிப்பிராயம் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது.

முதலில் அபிப்பிராயம் எழுதினேன். ‘எதிர் ஷெட் மூடிக் கிடக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் முதுகைத் திருப்பிப் பார்க்கவும்.’ என் பெயரை எழுதினேன். ஊர் பேரணாம்பட்டு என்று எழுதினேன். 

பிறகு பேனா அந்த ஒரு கட்டத்துக்கு மேல் நின்றது. இப்போது எனக்கு ஆபீஸ் இல்லை. பியூன் இல்லை. தண்ணீர்ப் பானையைத் தனியாக வைக்க யாரும் இல்லை. இழக்க இனி என்ன இருக்கிறது? ஏழெழுத்துப் பெயர்... மேனேஜர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா பேர வுட்டுட்டீங்களே சார்.”

“மை தீர்ந்துபோச்சுப்பா” என்றேன்.

மைக்கூடு நிறைய மை இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.