திறந்துவிட்ட பக்கம்

புல்மலைக்குத் தீ வைக்க ஒரு முறை உண்டு. கோடையில் நெருப்பு தேயிலைக்குள் பாயாமலிருக்க, மாசியிலேயே புல்லை எரித்துவிடுவார்கள். சுற்றிலும் செதுக்கி மண்பாதை எடுக்க வேண்டும்; மேலிருந்து கீழே மெதுவாக எரிய விட வேண்டும்; காட்டை ஒட்டிய பக்கத்தை மட்டும் கொளுத்தாமல் விட வேண்டும். ஊர்வன தப்பிப் போக அதுதான் வழி. எங்கள் உடப்புசல்லாவைத் தோட்டத்துத் துரைக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அந்த வழியை மாற்றினார்.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியும் துரை வெள்ளைக்காரர்தான். காட்டுப் பக்கத்தில் அவருடைய பங்களாவும் துரைசானியின் ரோஜாத் தோட்டமும் இருந்தன. கீழ்ப் பக்கத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம். அங்கே ரோஜா இல்லை, ஆட்கள்தான். ஆகவே மூன்று பக்கமும் கொளுத்திக் கீழ்ப் பக்கத்தைத் திறந்துவிடும்படி உத்தரவாயிற்று.

கங்காணியாக இருந்த அப்பா, துரைக்குக் கீழே வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் தயங்கிச் சொன்னார்: "ஐயா, எல்லாம் லயத்துக்குத்தாங்க எறங்கும். புள்ளைங்க இருக்குதுங்க."

"அப்ப பங்களாவுக்கு எறங்கச் சொல்லவா? நீயே போயி தொரகிட்ட சொல்லு, போ."

அப்பா போகவில்லை. தீ வைத்தார்.

பிள்ளைகளான எங்களுக்குத் திருவிழா. அரணைகள் வாசலில் ஓடின. மூக்கில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று துணிக்கொடியில் ஏறி உட்கார்ந்தது. தவளைகள் வரவில்லை. ஓடைக்கரைச் சேற்றுக்குள் பதுங்கி, அங்கேயே வெந்து கிடந்தன.

விரியன் விறகுக் குவியலுக்குள் புகுந்திருந்தது. சாயங்காலம் விறகு உருவிய சித்தியின் வலது கையில் கடித்தது. உயிர் பிழைத்தார், இரண்டு விரல்கள் போயின. விரல் போனால் கொழுந்து பறிப்பது எப்படி? சித்தியின் கவனக்குறைவுதான் காரணம் என்று தீர்ப்பாயிற்று. துரை பெரிய மனது பண்ணி, வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் அரைச் சம்பளத்துக்குத் தொட்டிலாட்ட அனுப்பினார்.

சில வாரங்கள் கழித்து, வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கண்டாக்கையா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்த வருசம் பங்களாத் தோட்டத்துல ஒரு பாம்புகூட இல்ல. தொரைக்கு ரொம்ப சந்தோசம்!"

சித்தியைக் கடித்த ஜாதியையே துரை கூண்டோடு ஒழித்துவிட்டார் என்று நினைத்தேன். சித்தியின் பக்கத்தில் நின்று துள்ளித் துள்ளிக் கைதட்டினேன். சித்தி இடது கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அப்பா தடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

நல்ல சேதிக்கு எதற்கு அடி என்று அழுதுகொண்டே கேட்டேன்.