நூறு சதவீத ஈரம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் 'ஈரக்காரர்' என்றுதான் பெயர். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும். அதனால் சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருக்கும். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றி, அதன் நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டிருப்பார்கள். காற்று வறள வறள ஈரத்துணி குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மாமா பென்சிலால் கணக்குப் போட்டு, ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்பார். தப்பே வந்ததில்லை. பிறகு மின்கருவியை மாட்டி, மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே மில்லில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே அக்காவின் நுரையீரல் கெட்டிருந்தது. வறண்ட காற்று ஆகாது என்றார் டாக்டர். மாமாவுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது! மில்லில் கழித்துப் போட்ட பழைய தெர்மாமீட்டர்களைக் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். கணக்கு குறைந்தால் அறை முழுக்க நனைத்த போர்வைகளைத் தொங்கவிடுவார். "இது வீடா, சலவைக் கடையா?" என்று கிண்டல் செய்வேன். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

கோடையில் ஒரு காலை நான் போனபோது போர்வைகளைக் காணோம். ஜன்னல்கள் திறந்து கிடந்தன. அனல் அடித்தது. அக்கா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா இது?"

"ரெண்டும் ஒரே அளவு காட்டுதுப்பா. வித்தியாசமே இல்ல. அப்படின்னா நூறு சதவீதம். இவ்வளவு ஈரத்த அவ தாங்க மாட்டா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. காய்ந்த துணி எங்கே குளிரும்? மில்லில் கிண்ணத்தை நிரப்புவது வேறொருவர் வேலை. வீட்டில் அதை அக்காதான் செய்துவந்தாள். அந்த வாரம் அவளால் எழ முடியவில்லை.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. ஜன்னல்களைச் சாத்தினோம், போர்வைகளை நனைத்தோம். டாக்டர் வந்து ஆக்சிஜன் வைத்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சு சீரானது.

மாமா சமையலறைக்குப் போன சமயம் பார்த்து அவளிடம் கேட்டேன். "கண்ணுக்கு நேராத்தானே இருக்கு. துணி காஞ்சது உனக்குத் தெரியலையாக்கா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கல?"

"மில்லுல இவரு வேணாம்னு அனுப்பிட்டாங்க. வீட்டுலயும் உங்க கணக்கு தப்புன்னு எந்த வாயால சொல்றதுடா?"

மாமா அறை வாசலில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மெல்ல வந்து கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கணக்கு போனாப் போகுது. நீ போயிடாதடி" என்றார்.