இரண்டு கட்சிக்கும் ஆமாம் போட்டவன்

அமெரிக்காவில் எனக்கு ஓட்டு கிடையாது. அந்த நாட்டை நான் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆனாலும் அங்கே இருக்கிற இரண்டு பெரிய கட்சிகளுக்கும், குன்னூர் பக்கம் ஜெகதளாவில் குடியிருக்கிற நான் விசுவாசமான தொண்டனாக இருந்தேன். புதன்கிழமை காலையில் ஒரு கட்சி, ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொன்று.

புதன்கிழமை கூப்பிடுவது மகன். தெற்கே ஏதோ ஒரு மாநிலத்தில் பெட்ரோல் பங்கும், அதை ஒட்டி ஒரு கடையும் வைத்திருக்கிறான். அவன் யானைக் கட்சி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவது மகள். மேற்குக் கரையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. அவள் கழுதைக் கட்சி. அந்தக் கட்சிகளுக்கு முறையான பெயர்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும். சின்னத்தை வைத்துக் கட்சியைச் சொல்வதுதான் நமக்கு வாயில் வருகிறது. இதைக் கேள்விப்பட்ட என் மச்சான், "யானைதான் நம்ம பர்லியாறு ரோட்டுலயே நிக்குதே, அதைப் பாக்க அமெரிக்கா போகோணுமா?" என்றார். போனில் இருந்த பிள்ளைகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

ஒரே வயிற்றில் பிறந்து, வெலிங்டனில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, மூன்று வருட இடைவெளியில் ஒரே நாட்டுக்குப் போனவர்கள். இரண்டு பேரும் அங்கே குடியிருக்கக் காகிதம் கிடைப்பதற்காக வருடக் கணக்கில் ஒரே வரிசையில் நின்றவர்கள்தான். அவனுக்கு அந்த வரிசையைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தவர்கள் மேல் கோபம். அவளுக்கு வரிசையை அவ்வளவு நீளமாக்கி வைத்தவர்கள் மேல் கோபம். பிறகு வரி, துப்பாக்கி, தடுப்பூசி, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லித்தர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. இரண்டு பேரும் எனக்கு வீடியோ அனுப்புவார்கள். எந்த வீடியோவைத் திறந்தாலும் அடுத்த வாரம் அந்த நாடு அழியப்போகிறது. யாரால் அழிகிறது என்பதில்தான் வித்தியாசம்.

என் மனைவி இருந்தவரை போன் அவள் கையில் இருந்தது. அவளுக்கு நாசூக்கெல்லாம் வராது. "கட்சிப் பேச்சுப் பேசறதுன்னா போனை வெச்சுட்டு அப்புறமாக் கூப்பிடு சாமி. சாப்டியா, தூங்கினியா, அதைச் சொல்லு" என்று மகனிடம் சொல்வாள். மகளிடமும் அதே வார்த்தை. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அடங்கிவிடுவார்கள். நாலு வருடத்துக்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள். போன் என் கைக்கு வந்தது. குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அப்படித்தான்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். வெலிங்டனில் ஒரு ராணுவ அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் சிவிலியன் கிளார்க். அதிகாரிகள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் ஃபைல் அலமாரியையெல்லாம் கிழக்குச் சுவரோரம் வைக்கச் சொல்வார். அடுத்தவர் வந்து, எந்த மடையன் இங்கே வைத்தது என்று மேற்கே தள்ளச் சொல்வார். இரண்டு பேரிடமும் நான் 'யெஸ் சார்' என்றேன். மனசுக்குள் ஒரு எதிர்ப்பும் இருக்காது. அதிகாரி நிரந்தரமில்லை, அலமாரி நிரந்தரம் என்பது எங்கள் செக்‌ஷனில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஒருத்தரோடும் சண்டை போடாத மனுஷன் என்று பிரிவுபசாரத்தில் புகழ்ந்து சால்வை போட்டார்கள். நானும் அதைப் பெருமை என்றே நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் புத்தியோடுதான் போனை எடுத்தேன். மகன் கழுதைக் கட்சியைத் திட்டும்போது "ஆமா சாமி" என்றேன். மகள் யானைக் கட்சியைத் திட்டும்போது "ஆமா அம்மணி" என்றேன். காலை ஆறரை மணிக்கு அடுப்பில் காப்பி பொங்குகிறது, ஜன்னலுக்கு வெளியே தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை மூச்சுவிடாமல் பேசுகிறது. ஆமாம் சொன்னால் குரல் தணிகிறது, அப்பா மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்கிறது. இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தைரியமும் வரவில்லை.

தலையாட்டுவதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்தடுத்த தேர்தல்களில் அவர்கள் முற்றிப்போக, நானும் முற்றினேன். மகன், "உங்க மகளுக்கு மூளை சலவை ஆயிப்போச்சுங்கப்பா" என்பான். தங்கச்சி என்று சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. மகளும் அண்ணன் என்பதை விட்டு, "உங்க பையன்" என்பாள். வெறும் ஆமாம் அவர்களுக்குப் போதவில்லை. நான் கூடக் கொஞ்சம் போட ஆரம்பித்தேன். விரல் விறைத்துப்போகும் குளிரில் எனக்குத் தட்டச்சு வராது, அதனால் குரல் செய்தியாகவே பேசி அனுப்புவேன். மகனுக்கு ஒருமுறை, "அவளுக்குப் படிப்பு இருக்குது, உலகம் தெரியலை சாமி. நீ சொல்றதுதான் நாயம்" என்று அனுப்பினேன். மகளுக்கு, "உங்கண்ணன் மனசு கல்லாப் போச்சு அம்மணி. உங்கம்மா இருந்திருந்தா வெக்கப்பட்டிருப்பா" என்று அனுப்பினேன்.

இரண்டாவதை நான் சொல்லியிருக்கக் கூடாது. செத்துப்போனவளை இழுத்துச் சாட்சி வைத்தேன்.

இத்தனைக்கும் எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. மகளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. தை மாதம் இங்கே கூட்டிவந்து, வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் காது குத்துவதாக முடிவாகியிருந்தது. எங்கள் பக்கம் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். என் மகளுக்குக் குத்தியபோது என் மச்சான் மடியில் உட்கார வைத்தோம். மாமன் மடிக்கு மாற்று கிடையாது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் அந்தச் சட்டத்தை மாற்ற முடியாது என்று நம்பினேன். மகனும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. முந்தின தடவை வந்தபோதே தங்கச்சி மகளுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கி, "பீரோவுல வைங்கப்பா, நானே வந்து போட்டுவிடறேன்" என்று கொடுத்துவிட்டுப் போனான். டிக்கெட்டும் எடுத்துவிட்டான். மூன்று வருடமாக நேரில் பார்க்காத இரண்டு பேரும் ஒரு கோயில் மண்டபத்தில் ஒரே பாயில் உட்கார்ந்தாக வேண்டும். எனக்கு அது போதும். வீடியோவில் பேத்தியிடம் தினமும் சொல்லிவைத்தேன்: "மாமன் மடியில உக்காந்துட்டா காது வலிக்காது கண்ணு." அவளும் "மாமா மடி, வலிக்காது அப்பிச்சி" என்று திருப்பிச் சொல்லப் பழகியிருந்தாள்.

ஐப்பசியில், விடாத மழையில், அவர்களுக்குள் சண்டை மூண்டது. எந்த விஷயத்தில் தொடங்கியது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. குடும்பக் குழுவில் மகன் ஏதோ ஒரு படம் போட்டான், மகள் ஏதோ பதில் போட்டாள். இங்கிலீஷில் மளமளவென்று ஓடியது. கடைசியில் மகன், அப்பாவே என் பக்கம்தான் என்று எழுதி, என் குரல் செய்தியை எடுத்து அதில் போட்டுவிட்டான். சில நிமிஷத்தில் மகள் அவளிடம் இருந்ததை எடுத்துப் போட்டாள். மழைச் சத்தத்தில் இரண்டையும் நான் காதோடு வைத்துக் கேட்டேன். என் குரல்தான். இரண்டிலும் ஒரே பாசம், ஒரே உருக்கம்.

அந்த வாரம் புதன்கிழமை போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் கெஞ்சி ஒரே வீடியோ அழைப்புக்கு வரவைத்தேன். சொல்ல வேண்டியதை ஆபீஸ் குறிப்பு எழுதுவதுபோல ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை. "ரெண்டும் நான் சொன்னதுதான். ரெண்டுமே மனசறிஞ்சு சொன்னதில்லை. உங்க கட்சி எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான். நீங்க பேசிக்கிட்டா போதும்" என்று படித்தேன்.

மகன்தான் முதலில் பேசினான். "அப்ப அம்மா வெக்கப்பட்டிருப்பாங்கன்னு சொன்னதும் சும்மாங்களா?"

"சும்மாதான் சாமி."

"எனக்கு உலகம் தெரியாதுன்னு சொன்னதும் சும்மாதானா?" என்றாள் மகள்.

"ஆமா அம்மணி."

"இத்தனை வருசமா நான் எதுக்காகத் தூக்கம் கெட்டுக் கத்திக்கிட்டிருக்கேன்னு ஒரு நாளாவது காதுல வாங்கினீங்களாப்பா?" என்று மகன் கேட்டான்.

"அதையேதான் நானும் கேக்கறேன்" என்றாள் மகள்.

ஒரு நிமிஷம் எனக்குள் அல்ப சந்தோஷம். எத்தனையோ வருடம் கழித்து அண்ணனும் தங்கச்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். என்னைத் திட்டுவதிலாவது சேரட்டும், தினமும் கூப்பிட்டுத் திட்டட்டும் என்று நினைத்தேன். அதற்குள் மகன், "எதிர்த்துப் பேசறவங்களைக் கூட நம்பலாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, "அவ புள்ளைக்கு என் மடி வேண்டாம். என் மனசுதான் கல்லாச்சே" என்றான். மகள் தடுக்கவில்லை. அவனுடைய கட்டம் திரையிலிருந்து மறைந்தது. அவள் கட்டம் பெரிதாகி முழுத் திரைக்கும் வந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் போனது.

அவர்கள் கட்சிகள்தான் என் பிள்ளைகளைப் பிரித்தன என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. கட்சிகள் பாதி செய்தன. மீதியை நான் செய்தேன்.

தையில் மகள் வந்தாள். மாப்பிள்ளையும் குழந்தையும் கூட. வெலிங்டன் மைதானமெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த வாரம் அது. மகன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாக மச்சானிடம்தான் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. முந்தின நாள் பீரோவைத் திறந்து அந்தத் தோட்டு டப்பியை மகளிடம் நீட்டினேன். அவள் திறந்து பார்த்தாள். கண் கலங்கியதை நான் பார்த்தேன். அப்போது ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். அவளுடைய அண்ணன் இதற்காக ஒரு முழு நாள் கோயமுத்தூர் கடைவீதியில் அலைந்தான் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் டப்பியை மூடி, "உள்ள வைங்கப்பா, வேற வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றாள். நான், "ஆமா, அதுவே நல்லாருக்கும்" என்று சொல்லி உள்ளே வைத்தேன்.

கோயிலில் என் மச்சான்தான் பாயில் உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வயது, மடக்க முடியாத முழங்கால். என் மகளுக்குக் காது குத்திய அதே மடி. வேறு ஆள் இல்லை. ஆசாரி பொன்கம்பியை எடுக்கும் முன் மகள் இரண்டு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கீழே ரோட்டில் ஒரு ஜீப் இலை மூட்டை ஏற்றிக்கொண்டு போனது.

முதல் காதிலேயே குழந்தை வீறிட்டாள். இரண்டாவது காதுக்கு மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அழுது ஓய்ந்து, கன்னமெல்லாம் சர்க்கரைப் பொங்கலோடு என்னிடம் வந்தாள். "அப்பிச்சி, வலிச்சுச்சு" என்றாள். பிறகு மச்சானைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது தாத்தா. மாமா எங்கே?" என்று கேட்டாள்.

எனக்கு முன்னால் மகள் பதில் சொல்லிவிட்டாள். "மாமாவுக்கு நம்மளைப் பிடிக்காது கண்ணு. அதான் வரலை." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இல்லீங்களாப்பா?"

"ஆமா அம்மணி" என்றேன்.

குழந்தை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரியென்று தலையாட்டிவிட்டு, மீதிப் பொங்கலைச் சாப்பிடப் போனாள்.