எருக்குழியில் கிடந்த பிளேடு

அன்று வயலில் எரு இறைத்தவர்கள் நான், என் மனைவி பாப்பாத்தி, என் தம்பி, எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த ஐ.டி.ஐ. மாணவன் செல்வம். ஊர் மலைமேல் இருக்கும் வாழவந்தி நாடு. வருடம் 2001.

குடிவந்த அன்றே செல்வம், "குப்பைய எங்கீங்க போடறது?" என்று கேட்டான். "எருக்குழியில போடு கண்ணு, எல்லாம் மக்கிப் போயிரும்" என்றேன். எங்கள் வீட்டுக் குப்பை மரவள்ளித் தோலும் சாம்பலும்தான். அவன் சவரம் செய்த பிளேடையும் அதில் போடுவான் என்று நான் நினைக்கவில்லை.

எருவைக் கையால்தான் இறைப்போம். பாப்பாத்தியின் ஆள்காட்டி விரலை பிளேடு கிழித்துவிட்டது.

"ஏஞ்சாமி, படிக்கிற புள்ளைக்கு பிளேடு மக்காதுன்னு தெரியாதா?" என்றாள்.

"அண்ணந்தானுங்க எல்லாத்தையும் போடச் சொன்னாரு" என்றான். நான் அப்படிச் சொன்னது நிஜம்தான்.

துணியைச் சுற்றிக்கொண்டு அவள் வேலையை முடித்தாள். நானும் விட்டுவிட்டேன். நான்காம் நாள் அவள் கை முழங்கை வரை வீங்கியது. மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரலை எடுத்துவிட்டார்கள்.

இப்போது குடிவருகிறவர்களிடம் சாவியோடு ஒரு பழைய எண்ணெய் டின்னையும் கொடுக்கிறேன். பிளேடு, பல்பு, கண்ணாடி எல்லாம் அதில்தான் போட வேண்டும். நிறைந்ததும் நானே பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகிறேன்.

பாப்பாத்தி இன்றும் கையால்தான் எரு இறைக்கிறாள். அந்தக் கையில் விரல் நான்கு.