அண்ணன் கொண்டுவந்த செட்டும் அவர் செய்த பெட்டிகளும்

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே கவலை. வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றத்தில் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவரும் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து, டி. கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில்தான் இருந்தார். ஆனால் அண்ணனும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் அப்பாவின் கருமாதிப் பந்தியில் இவரை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லையாம். கோபித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்துவிட்டார். வீட்டு மாப்பிள்ளைக்கு எதற்குத் தனியாக அழைப்பு என்பது அண்ணன் கட்சி. இப்போது அதே அண்ணன் முறுக்கிக்கொண்டார். பிள்ளையைப் பெற்றவர் தன் வாயால் கூப்பிட்டால்தான் மடி கொடுப்பாராம். இவரோ, நீ சொன்னது போதாதா என்று பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். வீம்புக்கு இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி, நடுவில் நான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்திருந்தார். செட்டை எப்படியோ தூக்கி வந்துவிட்டார். கனமான ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவர முடியவில்லை. இங்கே செல்லூரில் என் வீட்டுக்காரர் மாமரப் பலகையில் இரண்டு பெட்டி செய்து வைத்திருந்தார். எதிரொலி வராமல் இருக்க, பக்கத்து விசைத்தறிக் கூடத்துக் கழிவுப் பஞ்சை உள்ளே அடைத்திருந்தார். என் மகள் மெத்தையில்கூட அம்புட்டுப் பஞ்சு கிடையாது. கண்ணாடிக் குழல்கள் வைத்துத் தானே கட்டிய வால்வு செட்டில்தான் அவற்றை ஓட்டுவார். இந்தச் செட்டும் அந்தப் பெட்டியும் சேருமா என்று பார்க்கிற சாக்கில் இரண்டு பேரும் பேசிவிட மாட்டார்களா என்று நினைத்தேன். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை காலையில் செட்டைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவரை இவர் வாங்க என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் என் மகளைத் தூக்கப் போனார். அவள் புது முகத்தைப் பார்த்து வீறிட்டு என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். எனக்கு அதுவே கெட்ட சகுனமாகப் பட்டது.

அதன் பிறகு நடந்த பேச்செல்லாம் என் வழியாகத்தான். அந்தச் செட்டு எத்தனை ஓம் பெட்டி கேட்கிறது என்று உன் அண்ணனிடம் கேள் என்பார் இவர். எட்டு என்று அவரிடம் சொல்லு என்பார் அண்ணன். இவருடைய பெட்டி பதினாறு. அதனால் சேதமில்லை, சத்தம்தான் கொஞ்சம் குறையும் என்று இரண்டு பேருமே என்னிடம் சொன்னார்கள். ஓம் என்றால் கோயில் மந்திரம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இருவரும் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, நான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அண்ணன் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். வால்வு செட்டைப் பெட்டி இல்லாமல் ஓடவிட்டால் உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். அதனால் பெட்டியைக் கழற்றியதும் இவர் ஒயரின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கிவிடுவார், அது எங்கள் வீட்டுச் சட்டம். டிரான்சிஸ்டர் செட்டுக்கு அது அப்படியே தலைகீழ் என்றார் அண்ணன். பெட்டி இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் முனை இரண்டும் தொட்டால் செட்டு போய்விடும்.

"ஒயர் ரெண்டும் ஒட்டவே கூடாதுன்னு சொல்லும்மா."

சொன்னேன். எனக்குத் தெரியாதா, நேற்றுச் செட்டு வாங்கியவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரோ என்றார் இவர். அண்ணன் காதிலும் அது விழுந்தது. நான் அவசரமாகப் பாட்டைப் போடச் சொன்னேன்.

பாட்டு வந்தது. நான் அதுவரை கேட்காத மணிச் சத்தமெல்லாம் அதில் கேட்டது. அண்ணன் முகத்தில் பெருமை தெரிந்தது. இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சுத்தமாக இருக்கிறது, ஆனால் உப்பு இல்லை என்றார். அடப்பாவி மனுஷா, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? அண்ணன் எழுந்துவிட்டார். போய்விடுவாரோ என்று பயந்து, சாப்பிட்டுத்தான் போகணும் என்று கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

உப்பு என்றால் என்னவென்று காட்டுவதற்காக இவர் அண்ணன் செட்டை அணைக்காமலே பெட்டிகளைக் கழற்றித் தன் வால்வு செட்டுக்கு மாற்றியிருக்கிறார். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கருகிய வாசம் வந்தது. வாணலியைப் பார்த்தால் அப்பளம் வெள்ளையாகத்தான் இருந்தது. கூடத்துக்கு ஓடினோம். அண்ணன் செட்டிலிருந்து நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது. இவர் கையில் டெஸ்டரோடு சிலையாக நின்றார்.

அண்ணன் பிளக்கைப் பிடுங்கினார். குனிந்து செட்டின் பின்பக்கம் தொங்கிய ஒயரைக் கையில் எடுத்தார். நானும் பார்த்தேன். பெட்டி கழன்ற முனைகள் இரண்டும் அழகாக, அழுத்தமாக முறுக்கப்பட்டிருந்தன. வாய் ஆயிரம் பேசினாலும் கை பழகியதைத்தான் செய்யும். முடிந்தது, இனிக் காது குத்தும் இல்லை, பிறந்த வீடும் இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

அண்ணன் அந்த முறுக்கை மெதுவாகப் பிரித்தார். பிரித்த ஒயரை நீட்டிவிட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"சாப்பாட்டு நேரத்துல தறியெல்லாம் ஒண்ணா நிக்கும்ல. வோல்டேஜ் தூக்கிருச்சு. இந்தச் செல்லூர் கரண்டு தெரிஞ்சும் போட்டேன் பாரு."

 இவர் அதை அப்படியே விட்டிருக்கலாம். பழி மின்சாரத்தின் மேல் போயிருக்கும், இவர் வீம்பும் பத்திரமாக இருந்திருக்கும். இவர் டெஸ்டரைக் கீழே வைத்தார். தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு நிமிர்ந்தார், என் பக்கம் திரும்பவில்லை.

"தறியுமில்ல, வோல்டேஜுமில்ல. நாந்தான் முறுக்கிவிட்டேன் மச்சான்."

கல்யாணமாகி அதுவரை, தப்பு நான்தான் செய்தேன் என்று இவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.  வெளியே சாப்பாடு முடிந்து தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. திறந்த வாயை மூடத் தெரியாதவர் போல இவர் தொடர்ந்தார்.

"வெள்ளிக்கிழம நீங்கதான் பிள்ளைய மடியில வைக்கணும். வந்துருங்க."

அண்ணன் புகைந்த செட்டை ஒரு தடவை பார்த்தார்.

"இதக் கொளுத்தினாத்தான் உங்க வாய் தொறக்கும்னு தெரிஞ்சிருந்தா, இறங்கின அன்னைக்கே கொளுத்திருப்பேனே மாப்ள."

எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் திரும்பி, இப்ப என்ன ஆச்சு, எதுக்கு அழுகிற என்று ஒரே குரலில் என்னை அதட்டினார்கள்.